இங்கிருந்து நாம் சொல்ல வேண்டிய கதை

(நூற்றாண்டு நிகழ்வுகளையொட்டி நல்லதண்ணியில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



நான் பிறந்தது இதே நல்லதண்ணியில், ஒரு தோட்டத்து லயத்தில். டிசம்பர் போயா தொடக்கம் வெசாக் வரை சிவனொளிபாதமலைக்குச் செல்வோர் இவ்வழியே வருவார்கள். தேயிலை மலையையும், கொழுந்து பறிக்கும் எங்கள் தாய்மாரையும் படம் பிடிப்பார்கள். அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று கேட்பவர் அரிது. ஆகவேதான், பெயரைக் கேட்டுப் படம் எடுத்த ஒரு பெண்ணைப் பற்றி இன்று பேச விரும்பினேன். அவர் நாடக, திரைப்பட இயக்குநர் சுமதி சிவமோகன்.

அவர் மலையகத்தில் பிறந்தவர் அல்லர், வடக்கைச் சேர்ந்தவர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராகப் பணியாற்றியவர். 1989 செப்டெம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட டாக்டர் ராஜினி திராணகம அவருடைய சகோதரி. அந்த இழப்புக்குப் பிறகும் அவர் மௌனமாகிவிடவில்லை. போர்க்காலத்துப் பெண்களின் நிலையை நாடகமாக எழுதினார். அவருடைய நாடகங்களுக்கு 2001ஆம் ஆண்டின் கிரேஷன் பரிசு கிடைத்தது. குறும்படங்கள் எடுத்துப் பழகிய பின்னர், 2013இல் முதலாவது முழுநீளப் படத்தை எடுத்தார். தன் ஊர்க் கதையையல்ல, எங்கள் கதையை எடுத்தார். அதுதான் ‘இங்கிருந்து’.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. நம் தாத்தா, பாட்டிமார் அந்த எண்ணிக்கைக்குள் அடங்கியவர்கள். அத்தகைய வரலாற்றைச் சுமந்த மக்களைப் பாட்டுக் காட்சிக்குப் பின்னணியாக நிறுத்தாமல், கதையின் நடுவில் வைத்த படம் அது.

அவர் அங்கேயும் நின்றுவிடவில்லை. 2017இல் சிங்களத் திரையுலகின் பின்னணியில், 1983 ஜூலை வன்செயலைத் தொட்டு ஒரு படம் எடுத்தார். 2020இல் வந்த ‘சிங்கிள் டம்ளர்’ 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டதை நினைவுகூர்கிறது. தன் வீட்டுத் துக்கம் பெரிதாக இருந்தும், அடுத்த வீட்டுத் துக்கத்தைக் கேட்கப் போனவர் அவர். அவருடைய கலைவாழ்வில் நான் கண்ட சிறப்பு இதுவே.

சகோதரிகளே, நமக்கும் நாடகம் புதிதல்ல. மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடிய மண் இது. ஆயினும் அங்கே ரதி வேடம் கட்டியதும் ஆண்தான். 1930களிலும் 40களிலும் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் மேடையேறிப் பாடினார். அந்தத் துணிச்சலை நாம் தொடர்ந்தோமா?

என்னைப் பற்றியே சொல்கிறேன். பாடசாலைப் பரிசளிப்பு விழா நாடகத்தில் நான் அரசியாக நடித்தேன். அம்மாவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொழுந்துக்கறை படிந்த அவருடைய விரல்களைத் தோழிகள் பார்த்துவிடுவார்களே என்ற வெட்கம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அன்றும் வழக்கம்போல் பேர் போட்டு வேலைக்குப் போய்விட்டார். பல வருடங்களுக்குப் பின் ‘இங்கிருந்து’ பார்த்தபோது, நான் மேடைக்கு வரவிடாமல் தடுத்த என் அம்மாவை யாரோ ஒருவர் அழைத்து வந்ததுபோல் இருந்தது. அதைச் சொல்ல அம்மா அப்போது உயிரோடு இல்லை.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். கொழும்பிலோ, கனடாவிலோ, எங்கிருந்தாலும், தாய் உயிரோடிருப்பவர்கள் இன்றிரவே அவருடைய கதையைக் கேட்டுக் கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். அடுத்து, நமது சங்கம் ஆண்டுதோறும் ஒரு மாணவிக்காவது நாடகமோ திரைப்படமோ கற்க உதவ வேண்டும். வைத்தியராகவும் ஆசிரியையாகவும் நம் பிள்ளைகள் வருவதுபோல, இயக்குநராகவும் வரட்டும்.

வெளியிலிருந்து ஒருவர் வந்து நம் கதையைச் சொன்னார், அவருக்கு நன்றி. அடுத்த கதையை இந்த லயத்துப் பிள்ளையே சொல்லட்டும். அதன்பின் அவளும் அடுத்தவர் வீட்டுக் கதையைக் கேட்கப் போகட்டும்.