விலை சொல்லத் தெரிந்த குரல்: கே.பி. சுந்தராம்பாள்



பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தின் விழாவில் ஒரு நாடக, திரைப்படப் பாடகியைப் பற்றிய உரைக்கு என்ன இடம் என்று சிலர் கருதக்கூடும். பாணரும் விறலியரும் பாடித் திரிந்த காலத்தில் பாட்டையும் கவிதையையும் எவரும் பிரித்துப் பார்க்கவில்லை. அந்த வேலி பிற்காலத்தார் இட்டது. மேலும், வல்லம் வடகால் அமைந்துள்ள இந்நிலம் பழைய தொண்டை நாட்டைச் சேர்ந்தது. அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதாகத் தொண்டைமானிடம் வந்து, அவனுடைய படைக்கலக் கொட்டிலைப் பார்த்துவிட்டு, புகழ்வதுபோல் பழித்துச் சென்ற ஔவையாரைப் புறநானூற்றின் 95ஆம் பாட்டு காட்டுகிறது. அந்த ஔவையைத் தமிழர் இன்று எந்த முகத்தோடு நினைக்கின்றனர்? வெண்ணீறு துலங்கும் நெற்றியும் கையில் கோலும் உச்சியில் நின்று இறங்க மறுக்கும் குரலுமாகப் பெரும்பாலோர் மனத்தில் வந்து நிற்பவர் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளே. ஒரு கவிஞரின் உருவத்தையே தமக்கு உரிமையாக்கிக்கொண்ட கலைஞரைக் கவிஞர் அவை பேசாமல் வேறு எந்த அவை பேசும்?

இன்னொரு காரணமும் உண்டு. இதே வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கான குடியிருப்பு திறந்துவைக்கப்பட்டது. சொந்த ஊரையும் வீட்டையும் விட்டு, உழைத்து ஊதியம் பெற வரும் இளம்பெண் இன்று இச்சாலைகளில் அன்றாடக் காட்சி. நூறாண்டுகளுக்கு முன் அப்படி ஊர்விட்டு ஊர் சென்று, தன் பெயரை விளம்பரத்தில் அச்சிடச் செய்து, கூலி பேசிப் பெறுவதற்குப் பெண்ணுக்கு இருந்த வாயில்கள் மிகச் சில. அவற்றுள் நாடகக் கொட்டகை ஒன்று. பணம் கிடைத்தது, மதிப்புத்தான் கிடைக்கவில்லை. சுந்தராம்பாளின் வாழ்க்கையைப் பலரும் ஒரு பத்தினியின் கதையாகவே சொல்லி வருகின்றனர். அக்கதையில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அதற்குள் தன் உழைப்பின் விலையை அறிந்து, அதை உரக்கச் சொல்லவும் தெரிந்திருந்த ஒரு பெண் மறைந்துபோகிறார்.

சுந்தராம்பாள் 1908இல் காவிரிக்கரைக் கொடுமுடியில் பிறந்தார். தாயார் பாலாம்பாள். தந்தையின்றி வளர்ந்த குடும்பத்தின் வறுமை, சிறுமியைப் புகைவண்டிப் பெட்டிகளில் பாடிக் காசு பெறச் செய்தது. அப்படிப் பாடிய குரலை ஒருவர் கேட்டு நாடகக் குழுவில் சேர்த்துவிட்டார் என்பது வழங்கிவரும் செய்தி. கேட்டவர் யார் என்பதில் வரலாறு எழுதியோர் ஒத்துப்போகவில்லை. வேலு நாயரின் குழுவில் அவர் வளர்ந்தார் என்பதில் ஐயமில்லை. நல்லதங்காள் நாடகத்தில் பசியால் துடிக்கும் மூத்த மகனாக வந்து பாடினார். பசியை நடித்துக் காட்ட அச்சிறுமிக்கு எவரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்திராது.

சிறுமி ஆண் வேடம் புனைந்தது தற்செயல் எனத் தோன்றலாம். எகிப்தில் ஏறத்தாழ இதே தலைமுறையில் உம் குல்தும் என்னும் சிற்றூர்ச் சிறுமிக்கு, பெண் பிள்ளை அவையில் பாடுவது இழுக்கு என்று கருதிய தந்தை, சிறுவனின் உடையை அணிவித்துப் பாட அழைத்துச் சென்றார். அவரும் பின்னர் அரபு உலகம் முழுதும் கேட்ட பாடகியாகி, 1936 முதல் 1947 வரை ஆறு திரைப்படங்களில் நடித்தார். பெண்ணின் குரல் வேண்டும், பெண் வேண்டாம் என்ற நிலை கொடுமுடிக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை.

அக்கால நாடகம் பற்றி இளைய உறுப்பினர்களுக்காகச் சிறிது சொல்லவேண்டும். சங்கரதாச சுவாமிகள் வகுத்த நாடகங்களை, வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் நடிகர்கள் ஒத்திகையின்றி ஒரே மேடையில் சந்தித்து நடிப்பதற்கு 'ஸ்பெஷல் நாடகம்' என்று பெயர். வள்ளி திருமணத்தில் வேலனும் வள்ளியும் எதிரெதிர் நின்று பாட்டிலேயே வாதிடுவர். ஆர்மோனியம் முன்வரிசையில் முழங்கும். ஒலிபெருக்கி இல்லை. கடைசி வரிசையில் மணலில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சொல் சென்று சேரவேண்டும். குரல் மட்டும் சேர்ந்து சொல் சேராவிட்டால் அவன் எழுந்து கூச்சலிடுவான். சுந்தராம்பாளின் உச்சரிப்பு அந்தக் கடைசி வரிசையில் தேர்வு எழுதித் தேறிய உச்சரிப்பு. பிற்காலத்தில் ஒலிவாங்கியின் முன் நின்றபோதும் அவர் அப்பழக்கத்தை விடவில்லை. விருத்தம் பாடுகையில் தாளத்தின் பிடி இல்லாததால் பாடுவோர் பலர் இராகத்தின் பின்னே ஓடிச் சொல்லைக் கைவிட்டுவிடுவர். அவரோ சீர்களைப் பிளக்காமல், பொருள் முடியும் இடத்தில் மூச்சை முடித்தார். வெண்பாவின் ஈற்றுச்சீர் காதில் விழவேண்டிய முறை எது என்று கேட்கும் இளங்கவிஞர்க்கு யாப்பிலக்கண நூலோடு அவருடைய பாடல்களையும் பரிந்துரைக்கலாம்.

1920களின் நடுவில் அவர் இலங்கைக்கு நாடகமாடச் சென்றிருந்தார். தமிழ்நாட்டு நாடகக் கலைஞர்களுக்குக் கொழும்பு அந்நாளில் பெருஞ்சந்தை. செங்கோட்டையில் 1906இல் பிறந்து, இருபது வயதுக்குள் தமிழ் மேடையின் பெரும்பாடகராகிவிட்ட எஸ்.ஜி. கிட்டப்பாவும் அங்கு வந்தார். இவருடன் பாடினால் அந்தப் பெண் தாக்குப்பிடிப்பாளா என்று ஐயுற்றவர்கள் இருந்தனர். வள்ளியும் வேலனுமாக இருவரும் நின்றபோது ஐயம் தீர்ந்தது. உச்சத்தில் ஏறிய ஒரு குரலை இன்னொரு குரல் தயங்காமல் அங்கேயே சந்தித்தது. 1927இல் மணம் நடந்தது. கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். இல்லறம் நீடித்த அமைதியைத் தரவில்லை. பிறந்த குழந்தை தங்கவில்லை. பிணக்கும் பிரிவும் நேர்ந்தன. கிட்டப்பாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சில் வந்தன. அவற்றில் பக்தியும் உண்டு, நேருக்கு நேர் கேட்கும் நியாயமும் உண்டு. பத்தினிக் கதை சொல்வோர் முன்னதை எடுத்துக்கொண்டு பின்னதை விட்டுவிடுவர்.

1933 டிசம்பர் 2ஆம் நாள் கிட்டப்பா மறைந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது 25 வயது. வெள்ளைக் கதராடை, நீறணிந்த நெற்றி, நகையற்ற கழுத்து, ஆண் நடிகரோடு இணைந்து நடிப்பதில்லை என்னும் உறுதி: இவை எஞ்சிய 47 ஆண்டுகளும் மாறவில்லை.

அந்தத் துயரத்தை எவரும் ஐயுற வேண்டியதில்லை. எனினும் அந்த வெள்ளாடை செய்த வேலையையும் பார்க்கவேண்டும். நாடகக்காரி என்று ஏளனமாகப் பேசிய சமூகம், கைம்மைக் கோலத்தில் நின்றவரை 'அம்மா' என்றது. ஜோடியாக நடிக்க அழைப்பவர் வாயடைத்தார். தனக்கு எந்த வேடம் பொருந்தும், எது பொருந்தாது என்று தீர்மானிக்கும் உரிமை அவர் கைக்கு வந்தது. சமூகம் பெண்ணை ஒடுக்குவதற்கு வைத்திருந்த ஓர் உடையை அவர் கவசமாக மாற்றிக்கொண்டார். அதற்கு அவர் கொடுத்த விலை சிறியதன்று, இளமை முழுவதும்.

அசன்தாஸ் என்னும் தயாரிப்பாளர் நந்தனார் கதையைப் படமாக்க விரும்பி அவரை அணுகினார். திரைப்படத்தில் நடிக்க மனமில்லாத சுந்தராம்பாள், கேட்பவர் ஓடிவிடட்டும் என்று ஒரு இலட்சம் ரூபாய் கேட்டார் என்பர். தயாரிப்பாளர் ஓடவில்லை, ஒப்புக்கொண்டார். ஒரு சவரன் பொன் முப்பது ரூபாய்க்கும் குறைவாக விற்ற காலம் அது. இந்தியத் திரையுலகில் ஒரு படத்துக்கு இலட்சம் ரூபாய் பெற்ற முதற் கலைஞர் அவரே என்று திரைப்பட வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. இந்நிகழ்ச்சியைச் சொல்பவர்கள் வாய்ப்பான தற்செயலாகவே சொல்கின்றனர். புகைவண்டியில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் பாடியவர், மறுப்பதற்காகவேனும் இலட்சம் என்று வாய்திறந்து சொன்னாரே, அதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

1935இல் வெளிவந்த 'பக்த நந்தனா'ரில் அவர் நந்தனாராகவே நடித்தார்; வேதியராக வந்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். படம் எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை. கல்கி தம் விமரிசனத்தில், படத்தில் நன்றாக நடித்த பெருமையைப் பனைமரத்துக்கும் எருமைக்கும் ஆட்டுக்கும் வழங்கிக் கேலி செய்தார். நடிப்பைப் பற்றிய அளவில் அக்கேலி முற்றிலும் அநியாயம் என்று சொல்வதற்கில்லை. ஆனால், சேரியிலிருந்து தில்லைக்குச் செல்லத் துடித்த ஒருவரின் ஏக்கத்தை, மேடையில் ஏறியதற்காகத் தாழ்வாகப் பார்க்கப்பட்ட ஒரு பெண் ஆண் வேடத்தில் பாடினார் என்பது விமரிசகர் கண்ணில் படவில்லை.

அடுத்து 1940இல் 'மணிமேகலை'. அதன்பின் நீண்ட இடைவெளி. அவ்வாண்டுகளை வெறுமை என்று எண்ணிவிடலாகாது. விடுதலை இயக்கப் பாடல்களை இசைத்தட்டுகளில் பாடினார். சத்தியமூர்த்தியோடு காங்கிரசு மேடைகளில் ஏறினார். கொடுமுடி வீட்டில் காந்தியடிகளுக்குப் பொன் தட்டில் உணவு படைத்தபோது, உணவு மட்டுந்தானா, தட்டு இல்லையா என்று அவர் கேட்க, தட்டும் கைமாறி ஏலத்துக்குப் போயிற்று என்னும் செய்தி பலராலும் சொல்லப்படுவது. 1950களில் சென்னை மாநிலச் சட்டமன்ற மேலவை உறுப்பினரானார். திரையுலகிலிருந்து இந்தியச் சட்டமன்றம் ஒன்றில் நுழைந்த முதல்வராக அவரைக் குறிப்பிடுவது வழக்கம். பின்வந்த தமிழ்நாட்டு அரசியலை அறிந்தவர்களுக்கு அச்செய்தியின் கனம் தெரியும். அந்த வாயிலை முதலில் திறந்தவர் ஒரு பெண் என்பதைத்தான் பலரும் நினைப்பதில்லை.

1953இல் எஸ்.எஸ். வாசனின் ஜெமினி நிறுவனம் கொத்தமங்கலம் சுப்புவின் இயக்கத்தில் 'ஔவையார்' படத்தை வெளியிட்டது. இளம் ஔவையாகக் குசலகுமாரி வருவார். மணம் பேசப்படுகிறது. தமிழ்த் தொண்டுக்கு இல்லறம் தடையாகும் என்று அஞ்சிய பெண், விநாயகரிடம் முதுமையை வேண்டிப் பெறுகிறாள். அந்தக் கணத்தில் திரையில் சுந்தராம்பாள் தோன்றுகிறார். அதன் பிறகு நாடு முழுதும் அவர் நடக்கலாம், அரசரைக் கடியலாம், யானைகளை வரவழைத்துக் கோட்டையைத் தகர்க்கலாம். எவரும் தடுப்பதில்லை.

சங்கப் பாடல்களைப் பயின்றோர்க்கு இங்கே ஒரு நெருடல் ஏற்படும். புறநானூற்று ஔவையைப் பகையரசன் ஒருவன் மைதீட்டிய கண்ணும் ஒளிபொருந்திய நெற்றியும் உடைய விறலி என்றே விளிக்கிறான். அப்பாட்டு ஔவையார் இயற்றியதே. அங்கே நரையும் இல்லை, கோலும் இல்லை. அதியமானோடு அமர்ந்து கள்ளருந்தி, அவன் இறந்தபோது கதறிய பெண் அவர். பெயர் ஒன்றாயினும் ஔவையார் பலர் என்பது ஆய்வாளர் கொள்கை; அவ்வனைவரையும் ஒரே மூதாட்டியாக்கியது பிற்கால மரபு. இளம்பெண் தனியே வழிநடப்பதையும் வேந்தனுக்கு அறிவு புகட்டுவதையும் ஏற்க மனமில்லாத காலம், அவளைக் கிழவியாக்கியபின் கைகூப்பிற்று. சுந்தராம்பாள் நாற்பதுகளின் நடுவில் அந்த மூதாட்டி ஆனார். தாமே 25 வயதில் முதுமைக் கோலத்தை வரித்துக்கொண்டவர் என்பதால், அந்த வரம் வேண்டும் காட்சியின் பொருள் அவருக்கு அந்நியமாக இருந்திருக்காது.

அவருடைய பாத்திரங்களை வரிசையாக வைத்தால் வியப்பு மிகும். நந்தனார், மணிமேகலை, ஔவை, 'பூம்புகா'ரில் (1964) கவுந்தியடிகள், 'காரைக்கால் அம்மையா'ரில் (1973) பேயுருப் பெற்ற அம்மை. அத்தனை பேரும் துறந்தவர்கள் அல்லது விலக்கப்பட்டவர்கள். உறுதியான சைவர் பௌத்தத் துறவியாகவும் சமணத் துறவியாகவும் வந்தார். தமிழிலக்கியத்தின் மூன்று சமயங்களுக்கும் ஒரே குரல் வாய்த்தது. எனினும் தம் நம்பிக்கையை அவர் அடகு வைக்கவில்லை. 'பூம்புகா'ருக்குக் கலைஞர் மு. கருணாநிதி எழுதிய பாடலொன்றில், தெய்வம் எங்கே போயிற்று என்று கேட்கும் பொருளில் அமைந்த அடியைப் பாட மறுத்தார் என்றும், தெய்வம் வந்துவிட்டது என்னும் பொருள்பட அது மாற்றப்பட்டது என்றும் கூறுவர். எழுதியவர் பகுத்தறிவாளர், பாடியவர் சிவநேசர். இருவரும் விட்டுக்கொடுத்து அப்பாட்டு பிறந்தது. பாடுபவர்க்கும் பாட்டில் பங்குண்டு என்பதைக் கவிஞர்கள் இதனால் ஒப்புக்கொள்ள நேரும்.

'திருவிளையாடல்' (1965), 'கந்தன் கருணை' (1967) ஆகியவற்றில் மீண்டும் ஔவை. ஐம்பதைக் கடந்த வயதில், கோபித்து மலையேறிய முருகனை அவர் பாடித் தேற்றும் இடத்தில் குரலில் தேய்மானம் இல்லை. அதட்டலும் அன்பும் ஒரே மூச்சில் வருகின்றன. 1966இல் தமிழிசைச் சங்கம் இசைப் பேரறிஞர் பட்டம் அளித்தது. 'துணைவன்' (1969) படத்துக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. 1970இல் பத்மஸ்ரீ. கொடுமுடியில் சொந்தத் திரையரங்கும் கட்டினார். 1980இல் மறைந்தார்.

திரையில் கிடைக்கும் சுந்தராம்பாள் ஏறத்தாழ முழுவதும் வெள்ளாடைச் சுந்தராம்பாளே. கிட்டப்பா எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. வேலனோடு வாதிட்டு, அரங்கைச் சிரிக்கவும் அதிரவும் வைத்த இருபது வயது வள்ளியைப் பதிவு செய்த படச்சுருள் ஒன்றும் இல்லை. அந்த இளங்குரல் இருப்பது பழைய இசைத்தட்டுகளில் மட்டுமே. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம். கீறல் ஒலிக்கு இடையே சொல் தெளிவாகக் கேட்கிறது.