பலகை தெரியாத பிள்ளைகள்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் கல்வியைப் பற்றிப் பேசாமல் கண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறேனே என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நான் மருத்துவன் அல்லன், பி.ஏ., பி.எட். பயின்ற பள்ளி ஆசிரியன். ஆயினும், படிப்பு வராதவர்கள் என்று நாம் ஒதுக்கிய பிள்ளைகளுள் சிலர் உண்மையில் பலகை தெரியாதவர்கள் என்பதைக் காலங்கடந்து அறிந்துகொண்டவன். அதை உங்களிடம் சொல்லாமல் பணி ஓய்வு பெற எனக்கு மனமில்லை.

நான் உதவி ஆசிரியராக இருந்தபோது ஏழாம் வகுப்பில் நம் தெருப் பிள்ளை ஒருவன் படித்தான். வாய்ப்பாடு கேட்டால் தடையின்றி ஒப்பிப்பான். ஒரு கதையைச் சொன்னால் மறுநாள் ஒரு சொல் குறையாமல் திருப்பிச் சொல்வான். பலகையில் எழுதிப் போட்டதை மட்டும் எழுதமாட்டான். பக்கத்துப் பையனின் ஏட்டைப் பார்த்தே எழுதுவான். காப்பியடிக்கிறான் என்று கடிந்து, அவனைக் கடைசி பெஞ்சிற்கு அனுப்பினேன். எட்டாம் வகுப்போடு அவன் பள்ளியை விட்டு நின்றான். செங்கற்சூளைக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன், போய் அழைக்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, பேருந்து நிலையத்தில் கண்ணாடி அணிந்த இளைஞன் ஒருவன் என்னை வணங்கினான். அவனேதான். "லாரி ஓட்ட லைசென்சு வாங்கப் போனேன், ஐயா. சுவரில் இருக்கிற எழுத்தைப் படி என்றார் டாக்டர். எழுத்து எங்கே இருக்கிறது என்று கேட்டேன். கண்ணாடி போட்ட பிறகுதான் மரத்தில் இலைகள் தனித்தனியாகத் தெரியும் என்பதே எனக்குத் தெரிந்தது" என்றான். என்னைக் குறை கூறும் குரலில் அவன் அதைச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்க முடியாததாக இருந்தது.

என் தந்தையார் படித்த காலத்தில் நம்மவர் பிள்ளைகளைத் தனியே, கடைசியில், சுவரோரமாக அமர்த்தினார்கள். அந்த இடத்திலிருந்து முன்வரிசைக்கு வருவதற்கு நம் சமுதாயம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அப்படி வந்த ஒரு குடும்பத்தில் பிறந்த நானே, நம் தெருப் பிள்ளை ஒருவனைப் பின்வரிசைக்கு அனுப்பினேன்.

அந்தப் பையனுக்கு இருந்தது கிட்டப்பார்வை என்னும் குறை. விழி இயல்பான அளவினும் சற்று நீண்டுவிடுவதால், தொலைவிலுள்ள பொருளின் உருவம் விழித்திரையின் மேல் விழாமல் அதற்கு முன்னரே குவிந்துவிடுகிறது. கையிலுள்ள புத்தகம் தெளிவாகத் தெரியும், பலகை மங்கும். குழந்தை இதைத் தானாக வந்து சொல்லாது. தெளிவான பார்வையை அறியாத குழந்தைக்கு, எல்லார்க்கும் உலகம் இப்படித்தான் தெரிகிறது என்ற எண்ணமே இருக்கும். ஆகவே நாம்தான் கவனிக்க வேண்டும். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதும், தலையை ஒருபுறம் சாய்ப்பதும், தொலைக்காட்சிப் பெட்டியின் அருகில் போய் அமர்வதும், பந்து கைக்கு வந்த பிறகே அதைப் பிடிக்கத் தடுமாறுவதும் குறும்போ மந்தமோ அல்ல.

இதனைக் கண்டறியப் பெரிய கருவி எதுவும் வேண்டா. ஹாலந்து நாட்டு மருத்துவர் ஸ்நெல்லன் 1862-இல் உருவாக்கிய எழுத்து அட்டையின் வழிமுறையையே இன்றும் பின்பற்றுகிறோம். எழுத்தறியாதவர்க்கென நான்கு திசைகளிலும் திரும்பி நிற்கும் 'ஈ' எழுத்து அட்டை ஒன்றும் உண்டு. அதன் கால்கள் எந்தப் பக்கம் நோக்குகின்றன என்று குழந்தை கையால் காட்டினால் போதும். 6 மீட்டர், அதாவது ஏறத்தாழ 20 அடி தொலைவில் நிறுத்தி, ஒரு கண்ணை மூடி மற்றொரு கண்ணால் பார்க்கச் செய்ய வேண்டும். இரு கண்களையும் சேர்த்துப் பார்க்கச் செய்தால், நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும்.

இதில் காலத்தின் அருமையையும் சொல்ல வேண்டும். ஒரு கண் மங்கலாகவோ மாறுகண்ணாகவோ இருந்தால், மூளை அக்கண்ணின் காட்சியைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். இதைச் சோம்பேறிக் கண் என்கிறார்கள். ஏழெட்டு வயதிற்குள் கண்டறிந்தால், கண்ணாடி அணிவித்தும் நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் மூடிவைத்தும் பெரும்பாலும் திருத்திவிடலாம். அதன்பின் திருத்துவது மிகவும் கடினம். மாறுகண் பிள்ளை வீட்டிற்கு அதிர்ஷ்டம் என்று நம் பாட்டிமார் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த அதிர்ஷ்டத்தை நம்பிக் காத்திருந்தால் பிள்ளைக்கு ஒரு கண் போகும்.

கண்ணாடி வந்த பின்னும் தொல்லை தீர்வதில்லை. தமிழ்நாட்டில் 2009-இல் தொடங்கப்பட்ட கண்ணொளி காப்போம் திட்டத்தின் வழியாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையின்றிக் கண்ணாடி வழங்கப்பட்டது. வாங்கிச் சென்ற பிள்ளைகள் சிலர் மறுவாரமே கண்ணாடி இல்லாமல் வந்தனர். கேட்டால், "போட்டால் கண் இன்னும் கெட்டுவிடும் என்று ஆயா சொன்னது" என்றான் ஒருவன். பெண் பிள்ளை ஒருத்தியின் தாயார், "நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள்?" என்றார். கண்ணாடி அணிவதால் கண் கெடுவதில்லை. திருமணக் கவலைக்கு மட்டும் என்னிடம் அறிவியல் விடை இல்லை. அந்தத் தாயாரிடம் நான் சொன்னதை இங்கும் சொல்கிறேன். நம் ஒவ்வொருவர் வீட்டுச் சுவரிலும் அண்ணல் அம்பேத்கரின் படம் இருக்கிறது. அந்தக் கண்ணாடி இல்லாமல் அவர் முகத்தை உங்களால் நினைத்துப் பார்க்க முடிகிறதா? அந்தப் பெண் இப்போது கண்ணாடியோடு பள்ளிக்கு வருகிறாள்.

அண்ணலைப் பற்றி மற்றொன்றும் நினைவிற்கு வருகிறது. 1948 முதல் அவர் நீரிழிவால் துன்புற்றார். பிற்காலத்தில் அவர் பார்வையும் மங்கியது. நீரிழிவு விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கும். தொடக்கத்தில் வலியும் இராது, மங்கலும் இராது. நம் தெருவிலும் இன்று சர்க்கரை இல்லாத வீடு குறைவு. அந்நோய் உள்ளவர்கள், கண் நன்றாகத் தெரிந்தாலும், ஆண்டிற்கு ஒருமுறை சொட்டு மருந்திட்டு விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி நம் தொழில்களுக்கு வருகிறேன். அறுப்புக் காலத்தில் நெற்கதிரோ தாளோ கண்ணில் கீறிவிட்டால் என்ன செய்கிறோம்? இலைச்சாறு பிழிகிறோம், தாய்ப்பால் விடுகிறோம், அல்லது மருந்துக் கடையில் கேட்டு ஏதோ ஒரு சொட்டு மருந்தை வாங்கி விடுகிறோம். அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். அவர் வழிவந்த நான் நாட்டு மருத்துவத்தை இகழ்பவன் அல்லன். ஆனால் கீறல்பட்ட கருவிழியில் பூஞ்சைக் கிருமி புகுந்தால் புண்ணாகி, வெண்தழும்பு விழுந்து, பார்வை போகும். கடைக்காரர் கொடுக்கும் மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால், சிவப்பு குறைந்ததுபோல் தோன்றும். உள்ளே பூஞ்சை செழித்து வளரும். அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். கூலி ஒருநாள் போனால் போகட்டும். கல்லுடைப்போரும் வெல்டிங் வேலை செய்வோரும் காப்புக் கண்ணாடியை மேஸ்திரியிடம் கேட்டு வாங்குங்கள். வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பு தெறித்துவிட்டால், மருத்துவமனைக்கு ஓடுவதற்கு முன் நல்ல தண்ணீரை விடாமல் ஊற்றி அரைமணி நேரமாவது கழுவிவிட்டுப் பிறகு செல்லுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு செய்தி. நாற்பது வயதைக் கடந்தால் ஊசியில் நூல் கோக்க முடியாமல் போவது வெள்ளெழுத்து. அது நோயன்று, படிக்கும் கண்ணாடி ஒன்றே அதற்குப் போதும். ஆனால் பூக்கட்டும் பெண்ணுக்கும் பீடி சுற்றும் பெண்ணுக்கும் அது கூலியை நேரே பாதிக்கும். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடம் நடத்தப்பட்டு 2018-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், கண்ணாடி பெற்றவர்களின் வேலைத்திறன், பெறாதவர்களுடையதைக் காட்டிலும் ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. பட்டம் பெற்ற இளைஞர்களே, உங்கள் தாயார் நூல் கோக்க உங்களை அழைக்கும்போது கோத்துக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடாதீர்கள்.

குழந்தைகளின் மாலைக்கண் வைட்டமின் ஏ குறைவால் வருவது. ஒன்பதாம் மாதம் முதல் ஐந்து வயது வரை ஆறு மாதத்திற்கு ஒருமுறை கொடுக்கப்படும் மருந்தைத் தவறவிடாதீர்கள். முருங்கைக் கீரையும் பப்பாளியும் நம் கொல்லையிலேயே உண்டு. கீரையைச் சிறிது எண்ணெய் சேர்த்தே சமையுங்கள்.

முதியோர்க்கு வருவது கண்புரை. புரை முற்ற வேண்டும் என்று காத்திருந்த காலம் போய்விட்டது. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819 முதல் இருக்கிறது. மதுரையில் மருத்துவர் வெங்கடசாமி, அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின், முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய கைகளோடு, 1976-இல் 11 படுக்கைகள் கொண்டு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். விழியினுள் பொருத்தும் லென்சை 1992 முதல் அங்கேயே குறைந்த விலையில் செய்யத் தொடங்கினார்கள். இத்தனை இருந்தும், நம் தெருத் திண்ணைகளில் கண் மங்கிய பெரியவர்கள் பேரன் கையை எதிர்பார்த்து அமர்ந்திருக்கிறார்கள். முகாமிற்கு அழைத்துச் செல்ல ஒருநாள் ஒதுக்கும் இளைஞன் இல்லாமையே அதற்குக் காரணம் என்று நான் கருதுகிறேன். நீங்கள் மறுத்தால் மகிழ்ச்சியோடு கேட்டுக்கொள்வேன்.

இந்த மண்டபத்தின் பின்புறத் தாழ்வாரத்தில் 'ஈ' எழுத்து அட்டை மாட்டியிருக்கிறேன். அதற்கு 6 மீட்டர் தள்ளிச் சாக்குக்கட்டியால் கோடும் போட்டிருக்கிறது. என் பள்ளி ஆசிரியர் இருவர் அங்கே நிற்கிறார்கள். சாப்பாட்டுப் பந்தி தொடங்குவதற்கு முன், முதலில் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளை அனுப்பிவையுங்கள். பெரியவர்கள் பிறகு வரலாம்.