கணினித் திரையில் ஒரு வேலி நிலம்



இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் இணையத்துக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். அந்த வலையில் அகப்பட்ட சில வேடிக்கைகளைக் கண்டால் விடை தானே கிடைத்துவிடும்.

1990களில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கெனத் தனிக் குறியீட்டு முறையைக் கொண்டிருந்தது. ஒருவர் செந்தமிழில் விடுத்த மடல், அவ்வெழுத்துரு இல்லாத இன்னொருவர் கணினியில் பொருளற்ற உரோமன் எழுத்துக் குவியலாய்ச் சென்று விழுந்தது. 1999இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாடு விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் ஓர் ஒழுங்கு வகுக்க முற்பட்டது. ஒருங்குறி பரவிய பின்னரே அக்குழப்பம் பெரிதும் தணிந்தது.

ஒருங்குறியின் எண்ணிக்கையோ வேறொரு வேடிக்கை. 'காவிரி' என்பது மூன்றெழுத்துச் சொல் என்று திண்ணைப் பள்ளிச் சிறுவனும் சொல்வான். கணினிக்கு அது ஆறு. துணைக்காலையும் கொம்பையும் சுழியையும் புள்ளியையும் அது தனித்தனியே எண்ணுகிறது. ஐந்தெழுத்துத் 'தஞ்சாவூர்' அதனிடம் ஒன்பதாகிவிடும். 2006இல் தொடங்கிய ட்விட்டர் 140 எழுத்துகளுக்கு மேல் எழுத விடாத காலத்தில், இக்கணக்கால் தமிழர் இழந்த இடம் சிறிதன்று. 2017இல் அவ்வரம்பு 280 ஆன பின்பே சற்று மூச்சுவிட முடிந்தது. மெய்யெழுத்துக்குப் புள்ளியிட்ட தமிழ், அப்புள்ளிக்கும் வரி கட்ட நேர்ந்தது!

எல்லாவற்றினும் சுவையானது 2019ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நிகழ்ந்தது. ஒருங்குறியின் 12ஆம் பதிப்பில் தமிழுக்கென 51 குறிகள் புதிதாய்ச் சேர்ந்தன. அவை எங்கிருந்து வந்தவை? பழைய ஊர்க் கணக்குகளிலிருந்து வந்தவை. முந்திரி முதலிய பின்னங்கள் ஒரு புறம். உழக்கு, குறுணி, பதக்கு என்னும் அளவைகள் ஒரு புறம். நெல்லுக்கு ஒரு குறி, நன்செய்க்கு ஒன்று, புன்செய்க்கு ஒன்று, வேதாரணியத்தார் மகிழும்படி உப்பளத்துக்கும் ஒன்று. 'வகையறா' என்று முழுதும் எழுதச் சலித்த கணக்கரின் சுருக்கக் குறியும் உலக எழுத்துகளின் வரிசையில் இடம் பிடித்துவிட்டது. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்று காவிரிப் படுகையில் அளந்தார்களே, அந்தக் குழிக்கும் வேலிக்கும் அங்கே நிலையான இடம் உண்டு.

ஆயினும் சிரிப்பு இங்கே நின்றுவிடுகிறது. உரிய எழுத்துரு இல்லாத கருவியில் இக்குறிகள் வெறுங்கட்டங்களாகவே தோன்றும். கட்டத்தை நீக்கப் பொறியாளர் போதும். எழுத்துருவை நிறுவினால் குறி தெரிந்துவிடும். தெரிந்த குறியைப் படிப்பவர் யார்? முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு என்றும், மா என்பது இருபதில் ஒரு பங்கு என்றும் வாய்ப்பாடாய் ஒப்புவித்த தலைமுறை மறைந்து வருகிறது. பரணில் கிடக்கும் ஓலைக் கணக்கைக் கரையானுக்குக் கொடுத்துவிட்டு, அதன் குறிகளுக்கு மட்டும் கணினியில் இடம் பெறுவது, பட்டாவை வைத்துக்கொண்டு நிலத்தைத் தொலைப்பதற்கு ஒப்பாகும்.

எனவே, மாணவச் செல்வங்களே! வீட்டுப் பரணில் பழங்கணக்கு ஏதேனும் இருந்தால் எடுத்துத் தூசி தட்டுங்கள். மூத்தோர் அருகில் அமர்ந்து ஒரு வரியையேனும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். உலகம் அந்த எழுத்துக்கு இடம் கொடுத்துவிட்டது. அதற்குப் பொருள் கொடுக்க வேண்டியவர்கள் இந்த மண்ணின் மக்களே.