கூதிர்க்காலத்து உழவு நூல்கள்



ஐப்பசி, கார்த்திகை மழை மாலையில் நம்மை வீட்டினுள் இருத்துங்கால் ஓதத்தக்க உழவு நூல்கள் மூன்று கூறுவோம். முதலாவது, திருக்குறளின் 104-ஆம் அதிகாரம், பத்தே பாக்கள். இரண்டாவது, கம்பர் இயற்றியதாக வழங்கும் ஏரெழுபது. கலப்பையின் உறுப்புக்களையும் தனித்தனியே சிறப்பிப்பது. மூன்றாவது, நெல்வகைகளையும் மாட்டுவகைகளையும் நிரல்பட உரைக்கும் முக்கூடற்பள்ளு.

அப்பள்ளிலேயே, உழும் பள்ளனைப் பண்ணைக்காரன் தொழுவில் மாட்டுகின்றான். உழவைப் போற்றிய நாடு உழுதவனை வருத்திற்று. அப்பகுதியை விடுத்து ஓதுதல் நேர்மையன்று.

யாம் பயிற்றும் வகுப்பில் நெற்பெயர் பத்துக் கேட்டோம். பிள்ளைகள் மூன்றோடு நின்றனர். ஆதலின் இந்நூல்களை முதியோர் அருகிருந்து ஓதுவோமாக; அவர்கள் கூறும் நெற்பெயர்களை ஏட்டின் ஓரத்தில் எழுதி வைப்போமாக.