முகச்சாயல்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நாம் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடை கொடுத்தோம். பார்சல் அலுவலகத்தில் ரசீது எழுதும் கைக்குச் சொற்பொழிவு எழுதிப் பழக்கமில்லை. இலக்கியம் பேச இச்சங்கத்தில் புலவர் பெருமக்கள் உள்ளனர். ஆதலால், “என்ன தலைப்பில் பேசுவீர்கள்?” என்று செயலாளர் கேட்டபோது, நமக்கு ஐயந்திரிபற விளங்கிய பொருள் ஒன்றே ஒன்றுதான் என்று கூறினோம். அது நம்முடைய முகம். நாள்தோறும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் கண்டு வருவதன்றோ?

ஒருவரைப் போல உலகில் எழுவர் இருப்பர் என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. அந்த எழுவரையும் நம் கரக்பூர் ரயில்வே காலனி தேடிக் கண்டுபிடித்துவிடும். உயரமான நண்பர் ஒருவருக்கு இங்கே ‘பிளாட்பாரம்’ என்று பெயர். நம் நிலையத்தின் பிளாட்பாரம் 1072 மீட்டர் நீளம்; ஒரு காலத்தில் உலகிலேயே நீளமானது என்ற புகழ் அதற்கு இருந்தது. 2013-ஆம் ஆண்டில் கோரக்பூர் அப்புகழைத் தட்டிச் சென்றுவிட்டது. பிளாட்பாரத்தின் பட்டம் போயிற்று. நண்பரின் பட்டம் மட்டும் போகவில்லை.

நமக்கு வாய்த்த பட்டம் ‘நாகேஷ்’. இருபத்திரண்டு வயதில் ஐம்பது கிலோவுக்கும் குறைந்த எடையோடு வேலையில் சேர வந்தோம். அன்று அலுவலகத்தில் இருந்த தமிழ்ப் பெரியவர் ஒருவர் மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பார்த்து, “அடடே, நாகேஷ் வந்துவிட்டாரே!” என்றார். அன்று தொடங்கியது. பூரிக்கு யாத்திரை செல்லும் வழியில் இங்கே இறங்கிய மூதாட்டி ஒருவர், “தம்பி, நீங்கள் நாகேஷுக்கு உறவா?” என்று மெய்யாகவே வினவினார். “இல்லை பாட்டி. அவர் ரயில்வேயை விட்டுச் சினிமாவுக்குப் போனார், நாங்கள் சினிமாவுக்குப் போக வழியில்லாமல் ரயில்வேக்கு வந்தோம்” என்றோம். பாட்டியார் மனமகிழ்ந்து நமக்கு இரண்டு முறுக்கு ஈந்தார்.

இது வேடிக்கைக்காகச் சொன்னதன்று. நாகேஷ் திரையுலகுக்கு வருமுன் ரயில்வேயில் எழுத்தராகப் பணியாற்றியவரே. ஆகவே அந்தப் பெயர் நமக்குத் தலைமேல் வைத்த மலர் போல் இருந்தது.

வங்காள நண்பர்களும் இந்தி பேசும் நண்பர்களும் நாகேஷை அறியார். அவர்களுக்குத் தமிழன் என்றால் ரஜினிகாந்த். மீசையும் கறுத்த நிறமும் இருந்தால் போதும்; மூக்குக்கண்ணாடியைச் சுழற்றிப் போடும்படி வற்புறுத்துவர். ஒருமுறை நாமும் சுழற்றினோம். கண்ணாடி பார்சல் மூட்டைகளின் இடுக்கில் விழுந்து உடைந்தது. தமிழருக்கு அச்சாக அவர்கள் கருதும் அப்பெருமகன் பெங்களூரில் மராத்தியக் குடும்பத்தில் பிறந்து, அந்நகரிலேயே பஸ் கண்டக்டராக இருந்தவர் என்று எடுத்துரைத்தோம். ஒருவரும் நம்பவில்லை.

முகச்சாயலால் ஆன பெருங்காரியங்களும் உண்டு. ஊரறிந்த சான்று, 1958-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘நாடோடி மன்னன்’. அது கற்பனை. மெய்யாக நடந்ததும் ஒன்றுண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1944-ஆம் ஆண்டில், பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமரியைப் போன்ற முகமுடைய கிளிஃப்டன் ஜேம்ஸ் என்பவரைக் கண்டுபிடித்து, எதிரியை ஏமாற்றத் தளபதியாகவே ஜிப்ரால்டருக்கு அனுப்பினர். போருக்கு முன் நடிகராக இருந்த அவர் அப்போது படையின் சம்பளப் பிரிவில் பணியாற்றிக்கொண்டிருந்தார். கணக்கெழுதும் நம் இனத்தவர்! அவருக்கு ஒரு விரல் இல்லை, பொய்விரல் பொருத்தினர். மாண்ட்கோமரி மதுவும் புகையும் தொடாதவர். ஆதலால் இவரும் இரண்டையும் விட நேர்ந்தது. இன்னொருவர் முகத்தைத் தாங்குவது எளிதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இதுவரை சிரித்தீர்கள். இனிச் சொல்லப்போவது நாம் சிரித்த ஒரு சிரிப்பைப் பற்றியது.

நம் காலனியில் ஒரு சிறுமி இருந்தாள். ஆண்டு விழாவில் இறைவணக்கம் அவள் குரலில்தான் தொடங்கும். ஆர்மோனியப் பெட்டிக்குப் பின்னால் அமர்ந்து அவள் வாய் திறந்தால், பந்தலின் கடைசியில் பேசிக்கொண்டிருப்போரும் அடங்கிவிடுவர். உடல் சற்றுப் பருமன். அவள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, பொங்கல் விருந்தில் வடைத் தட்டை ஏந்தி வந்தாள். “இதோ, டுன்டுன் வந்துவிட்டாள்!” என்றோம். பந்தி முழுவதும் நகைத்தது. அவளும் நகைத்தாள். அவள் நகைத்ததுதான் நம்மை ஏமாற்றியது. பின்னர் அப்பெயரைப் பத்து வாய்கள் சொல்லின. ஆனால் முதல் வாய் நம்முடையது.

அடுத்த ஆண்டு விழாவில் வேறொருவர் இறைவணக்கம் பாடினார். தொண்டை சரியில்லை என்றனர். அதற்கடுத்த ஆண்டும் தொண்டை சரியில்லை. நான்கு ஆண்டுகள் ஒரு தொண்டை சரியில்லாமல் இருக்குமா என்று நாம் ஒருவரும் கேட்கவில்லை.

சென்ற ஆண்டு சங்கச் சந்தா வாங்க அவர்கள் குவார்ட்டர்ஸுக்குச் சென்றோம். உள்ளிருந்து அந்தக் குரல் கேட்டது, முன்னிலும் கனிந்திருந்தது. மெய்ம்மறந்து வேலிப்படலைத் தள்ளினோம். படல் கிரீச்சிட்டது, பாட்டு நின்றது. தாயார் வெளியே வந்து பணம் கொடுத்தார். “ஏன் நிறுத்திவிட்டாள், அம்மா?” என்று கேட்டோம். அவர் சிறிது தயங்கி, “அண்ணா, தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் குரல் கேட்டால் அவள் பாடமாட்டாள்” என்றார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. யார் பெயரை அச்சிறுமிக்குச் சூட்டினோமோ அந்த அம்மையாரைப் பற்றி அப்போதுதான் அறிய முற்பட்டோம். அவருடைய இயற்பெயர் உமாதேவி. பெற்றோரை இளமையிலேயே இழந்து, பாட வேண்டும் என்னும் ஆசை ஒன்றையே துணையாகக் கொண்டு பம்பாய்க்கு வந்து, இசையமைப்பாளர் நௌஷாதிடம் வாய்ப்புக் கேட்டுப் பெற்றார். 1947-ஆம் ஆண்டில் ‘தர்த்’ என்ற படத்தில் அவர் பாடிய பாட்டு நாடெங்கும் ஒலித்தது. பிற்காலத்தில்தான், 1950-ஆம் ஆண்டின் ‘பாபுல்’ படம் தொட்டு, நகைச்சுவை நடிகையாகி டுன்டுன் என்ற பெயரில் நிலைபெற்றார். 2003-ஆம் ஆண்டில் மறைந்தார். இன்றும் வடநாட்டில் பருத்த பெண்ணைக் கண்டால் அவர் பெயரைச் சொல்லிச் சிரிக்கின்றனர். அவர் பாடிய பாட்டைத் தேடிக் கேட்டோம். நாடே அவர் உடலை நினைவில் வைத்துக் குரலை மறந்துவிட்டது. அதே பிழையை ஒரு சிறிய காலனியில் நாமும் செய்திருந்தோம்.

மறுவாரம் அப்பெண்ணிடம் சென்று மன்னிப்புக் கேட்டோம். நம்மையும் நாகேஷ் என்பர், நாம் வருந்தியதில்லை, அந்த நினைப்பில் சொல்லிவிட்டோம் என்றோம். அவர் அமைதியாகக் கேட்டு, “மாமா, நாகேஷ் என்றால் உங்களுக்குப் பிடித்திருந்தது, நீங்களே சொல்லிச் சிரித்தீர்கள். என்னை ஒருவரும் கேட்கவில்லையே. பள்ளிக்கூடம், டியூஷன், ரேஷன் கடை எல்லா இடத்துக்கும் அந்தப் பெயர் எனக்கு முன்னால் போய் நின்றது. மேடையில் ஏறினால் பாட்டுக்கு முன்பே சிரிப்பு வருமோ என்று பயம்” என்றார்.

பார்சல் அலுவலகத்தில் ஒரு பொருளை வேண்டாமென்றால், பெறுவோர் கையெழுத்திட மறுக்கலாம். பட்டப்பெயரை மறுக்க வழியில்லை. அனுப்பியவர் மறந்துவிடுவார்; பெற்றவர் சுமந்து திரிவார்.

நாகேஷ் வாழ்விலும் இதுவே பாடம். அம்மைத் தழும்பு நிறைந்த தம் முகத்தை அவர் ஒளித்ததில்லை. 1964-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சர்வர் சுந்தர’த்தில், அழகில்லாத ஓட்டல் பணியாளனாக வந்து நாட்டையே சிரிக்கவும் அழவும் வைத்தார். அது அவர் தம் கணக்கிலிருந்து தாமே எடுத்துச் செய்த செலவு. நாமோ பதினான்கு வயதுச் சிறுமியின் கணக்கில் செலவெழுதி, பந்திக்குச் சிரிப்பு வாங்கிக் கொடுத்தோம். உருவங்கண்டு இகழாதீர் என்று தேரின் அச்சாணியைக் காட்டி வள்ளுவர் உரைத்ததை மேடைதோறும் முழங்குகிறோம், பந்தியில் மறந்துவிடுகிறோம்.

தூர தேசத்தில் வாழும் நாம் நகையாடாமல் இருக்க முடியுமா? முடியாது, வேண்டவும் வேண்டா. நம் முகத்தைப் பற்றி நாம் நகையாடலாம். ஒத்த வயதினர், ஒத்த உரிமையினர், சிரிப்பைத் திருப்பித் தர வல்லவர், அவரோடும் ஆடலாம். திருப்பித் தர இயலாத இளையோரிடம் மட்டும் வேண்டா. அவர்கள் உடன் சிரிப்பதை இசைவென்று கொள்ளவும் வேண்டா.

அப்பெண்ணின் இசைவு பெற்றே, பெயரை விடுத்து, இதனைக் கூறினோம். வரும் ஆண்டு விழாவில் அவர் பாடுவாரா என்று பலர் கேட்கக்கூடும். நாமும் கேட்டோம், அவர் விடை கூறவில்லை. வற்புறுத்த நமக்கு உரிமையுமில்லை. விழாக்குழுவினரிடம் ஒரே ஒரு விண்ணப்பம்: நிகழ்ச்சி நிரலில் இறைவணக்கத்துக்கு எதிரே பெயர் எழுதாமல் இடம் விட்டு வையுங்கள். ஆர்மோனியத்துக்குச் சுருதி சேர்த்து வையுங்கள். அவர் வந்தால் கேட்போம். வராவிட்டால் அந்த வெற்றிடம் நமக்கு நினைவூட்டட்டும்.

நம்மை நாகேஷ் என்று அழைப்பவர்கள் தாராளமாகத் தொடரலாம். ஆனால் இப்போது எடை எழுபத்தெட்டு கிலோ. வேறு நடிகரைத் தேடும் காலம் நெருங்கிவிட்டது.