கெட்ட பீரைக் கொட்டிய ஊரும் கள்ளை மறந்த ஊரும்

(ஒலிபரப்பான பேச்சின் சுருக்கித் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன பகுதியில் செக் நாட்டு ரயில்களைப் பற்றிப் பேசினேன். "அந்த ஊர்ல ரயிலை விட பீர்தானே பெருசு, அதைப் பத்தி ஏன் வாயே திறக்கல?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. சரி, இன்னைக்கு அதுதான். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இது குடிக்கச் சொல்லும் பேச்சு இல்லை. குடிக்காதவர்களும் தாராளமாகக் கேட்கலாம். சொல்லப்போனால், அவர்கள்தான் முக்கியமாகக் கேட்க வேண்டும்.

நான் தர்மபுரி மாவட்டம் கடத்தூர்க்காரன். பொம்மிடியில் ரயில் ஏறிப் படிக்கப் போனவன், இப்போது வேலைக்காக பிராக் நகரத்தில் இருக்கிறேன். அங்கிருந்து மேற்கே சுமார் 90 கிலோமீட்டர் போனால் பில்சன் நகரம். நம்ம ஊர் பாட்டில்களில் 'பில்ஸ்னர்' என்று அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீங்க. அந்தச் சொல்லே இந்த ஊர்ப் பெயரிலிருந்து வந்ததுதான்.

பில்சனின் ஒரு ஓரத்தில் செர்னிட்செ என்று ஒரு பகுதி. அங்கே ஒரு பழைய பண்ணை முற்றத்தில் செப்டம்பர் மாதம் சிறு பீர் ஆலைகளுக்கான திருவிழா நடக்கிறது. பெயர் 'ஸ்லுன்ட்செ வெ ஸ்க்லெ'. 'கண்ணாடிக்குள் சூரியன்' என்று பொருள். அலுவலக நண்பர் ஒருவர் அழைத்தார், போனேன். முதல் நாள் ஊரின் பெரிய ஆலையைச் சுற்றிப் பார்த்தோம், மறுநாள் திருவிழா.

முதலில் ஆலையில் கேட்ட கதை. பில்சன் நகரம் 1295-இல் உருவானபோதே, அங்கே வீடு வைத்திருந்தவர்களுக்கு பீர் காய்ச்சும் உரிமையை அரசர் கொடுத்திருக்கிறார். ஆளாளுக்குக் காய்ச்சினார்கள். நாளாக நாளாகத் தரம் கெட்டது. 1838-இல் ஊர்க்காரர்களே 36 பீப்பாய் கெட்ட பீரை நகர மன்றத்துக்கு முன்னால் கொண்டுவந்து கொட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் விஷயம். காய்ச்சும் உரிமை இருந்த குடிமக்கள் ஒன்றுகூடிப் பொதுவாக ஒரு ஆலை கட்டினார்கள். பவேரியாவிலிருந்து யோசப் க்ரோல் என்ற வினைஞரை வரவழைத்தார்கள். 1842 அக்டோபர் 5-ஆம் தேதி அவர் காய்ச்சியதுதான் இன்றைக்கு உலகம் முழுக்கக் குடிக்கிற பொன்னிற பீருக்கு மூலம்.

அந்த ஆலைக்கு அடியில் சுமார் 9 கிலோமீட்டருக்குச் சுரங்க அறைகள் இருக்கின்றன. உள்ளே போனால் புரட்டாசியிலேயே மார்கழிக் குளிர். ஓக் மரப் பீப்பாயிலிருந்து வடிகட்டாத பீரை நேராகக் குவளையில் பிடித்துத் தருகிறார்கள். லேசாகக் கலங்கலாக, ரொட்டி வாசனையோடு, கடைசியில் நாக்கின் பின்பக்கம் ஒரு சுத்தமான கசப்போடு இருக்கிறது. நான் இரண்டு வாய்தான் குடித்தேன். ஆனால் அந்தக் கசப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

பீருக்கு நான்கே பொருள்தான். தண்ணீர், பார்லி, ஹாப் பூ, ஈஸ்ட். பார்லியை அப்படியே போடுவதில்லை, முளைகட்டி உலர்த்திப் போடுகிறார்கள். இது தர்மபுரிக்காரனுக்குப் புரியாதா? நம்ம வீட்டில் குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரைப்பார்களே, அதே வேலைதான். முளைவிடும்போது தானியத்தின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிற நொதிகள் உருவாகின்றன. அதனால்தான் முளைகட்டிய ராகிக் கஞ்சி இனிக்கிறது. அம்மா அதைக் கஞ்சியோடு நிறுத்திவிடுகிறார், இவர்கள் ஈஸ்ட் போட்டு அடுத்த படிக்குப் போகிறார்கள்.

கசப்பு ஹாப் பூவிலிருந்து வருகிறது. அது ஒரு கொடி. நம்ம பக்கம் வெற்றிலைக் கொடியை ஏற்றிவிடுவது போல, உயரமான கம்பிகளில் ஏற்றி வளர்க்கிறார்கள். ஜடெட்ஸ் என்ற ஊரைச் சுற்றி விளைவதுதான் பேர்போனது. அந்த ஊரையும் அதன் ஹாப் தோட்டங்களையும் 2023-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டது. கோயிலுக்கும் கோட்டைக்கும் கிடைக்கிற மரியாதை ஒரு கொடித் தோட்டத்துக்கு!

மறுநாள் திருவிழா. சிறு ஆலைக்காரர்கள் வரிசையாகக் கடை போட்டிருந்தார்கள். பல கடைகளில் காய்ச்சியவரே நின்று ஊற்றுகிறார். பலகையில் 10, 11, 12 என்று எண்கள். நான் ஆல்கஹால் சதவீதம் என்று நினைக்கக் கூடாது என்பதற்காக நண்பர் முன்கூட்டியே விளக்கிவிட்டார். அது புளிப்பதற்கு முன் சாற்றில் கரைந்திருந்த சர்க்கரை முதலான சத்தின் அளவு. 12 என்று போட்ட பீரில் ஆல்கஹால் 5 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். 10 எண் பீர் மெலிசு, வேலை முடிந்து வருபவர்கள் குடிப்பது. செம்பு நிறத்தில் 13 ஒன்று இருந்தது, கருகாமல் வறுத்த கடலை வாசனை. கருப்பு பீர் கிட்டத்தட்ட கருப்பட்டிக் காப்பி மாதிரி.

நுரையிலும் கணக்கு இருக்கிறது. முழுக்க முழுக்க நுரையாகவே ஒரு குவளை ஊற்றித் தருகிறார்கள். அதற்குப் பெயர் 'ம்லீகோ', அதாவது பால். வெள்ளையாக, இனிப்பாக இருக்கிறது. அதைக் கையில் வாங்கிய நிமிடம் எனக்குக் கலயத்தில் நுரைத்து நிற்கும் கள்தான் நினைவுக்கு வந்தது.

இங்கேதான் எங்க ஊருக்கு வரணும்.

1937 அக்டோபர் 1. ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு மதுவிலக்கை முதன்முதலாக நடைமுறைப்படுத்திய மாவட்டம் சேலம். தர்மபுரி அப்போது சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. 1965-இல்தான் தனி மாவட்டமானது. ஆக, கடத்தூரில் கள்ளுக் கடை மூடியது சென்னைக்கு முன்னாடி, மதுரைக்கு முன்னாடி. அதனால் அரசுக்கு ஏற்பட்ட வருமான இழப்பை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி கொண்டுவந்தார்கள். இன்று கடையில் நாம் வாங்கும் ரசீதில் உள்ள வரிக்கு முன்னோடி அது.

அதற்குப் பிறகு கதை மாறி மாறிப் போனது. 1971-இல் மதுவிலக்கு தளர்ந்தது, பிறகு மீண்டும் மூடினார்கள், 1981-இல் திறந்தார்கள். 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் தடை. கள் தடை இன்றும் நீடிக்கிறது. 1983-இல் தொடங்கிய டாஸ்மாக், 2003 முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்துகிறது. அதாவது, ஆலையில் செய்த பீரையும் பிராந்தியையும் அரசே விற்கிறது. வரப்பில் நிற்கிற பனையிலிருந்து இறக்கினால் வழக்கு.

இதில் ஒரு விசித்திரம் பாருங்க. கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவினால் புளிக்காது, அது பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் வேலையை ஆரம்பித்துவிடும், அது கள். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே ஆள். பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்தது. சுண்ணாம்பு இல்லாவிட்டால் குற்றம்.

தடைக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கூலியைக் கள்ளுக் கடையில் விட்டுவிட்டு வந்த ஆண்களையும், அடுப்பு எரியாத வீடுகளையும் எங்க பாட்டி கதை கதையாகச் சொல்லியிருக்கிறார். கள் ஒரு நாளுக்கு மேல் தாங்காது, கடும் புளிப்பாகிவிடும். தூரம் அனுப்ப முடியாது. அதனால் தண்ணீர் கலப்பது, போதைக்கு மருந்து கலப்பது என்று கலப்படம் நடந்தது. உண்மைதான். செக் நாட்டையும் சொர்க்கம் என்று சொல்லவில்லை. தலைக்கு உலகிலேயே அதிகம் பீர் குடிக்கிற நாடு அது. குடியால் வரும் நோயும் குடும்பத் துயரமும் அங்கேயும் உண்டு. ஆனால் ஒரு சொட்டுக் குடித்துவிட்டு வண்டி ஓட்டினாலும் அங்கே குற்றம். நாங்களும் ரயிலில்தான் போனோம், ரயிலில்தான் வந்தோம்.

எனக்குப் படுவது இதுதான். பில்சனில் பீர் கெட்டுப்போனபோது கெட்ட பீரைக் கொட்டினார்கள், நல்ல பீர் செய்யக் கற்றுக்கொண்டார்கள். நம்மிடம் கள் கெட்டுப்போனபோது கள்ளையே குற்றமாக்கினோம். ஆனால் குடி நிற்கவில்லை. லாபம் போய்ச் சேருகிற இடம்தான் மாறியது. ஹாப் விவசாயிக்கு அங்கே உலகப் பட்டியலில் பெயர். எங்க வரப்பில் பனை ஏறியவருக்குப் பிள்ளைகள் இரண்டு பேர். இருவருமே பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். ஏற ஆளில்லாத மரம் செங்கல் சூளைக்குப் போனது. இத்தனைக்கும் பனை நம் மாநில மரம்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. மலிவான, தெரிந்த, சோதித்த ஒன்று இல்லாத இடத்தில்தான் தெரியாத பாக்கெட் வந்து உட்காருகிறது. பக்கத்தில் கேரளாவில் உரிமம் பெற்ற கள்ளுக் கடைகள் இருக்கின்றன, கள் தொழிலாளர்களுக்கு நலநிதி வாரியமும் இருக்கிறது. அங்கேயும் குறை உண்டு. ஆனால் கலயத்தை யார் சோதிப்பது, ஏறுகிறவருக்கு என்ன கூலி என்று பேசவாவது முடிகிறது. தடை செய்த பொருளுக்குத் தரக்கட்டுப்பாடு கிடையாது. இல்லாததாகச் சொல்லப்படுவதை யார் போய்ச் சோதிப்பார்?

"கள் வேணுமா, வேணாமா"ன்னு மட்டும் கேட்டால் மேடையில் கைதட்டு கிடைக்கும். எந்த மாதத்தில், எத்தனை மரத்துக்கு, என்ன அளவில், யார் பொறுப்பில், குடிக்கிறவரின் வீட்டுக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும். அந்தப் பேச்சில் பனை ஏறுகிறவரும், அவர் வீட்டுப் பெண்களும் முதல் வரிசையில் உட்கார வேண்டும்.

கடத்தூர், பொம்மிடி, அரூர் பக்கத்துப் பெரியவர்கள் யாராவது இதைக் கேட்டால், 1981-க்கும் 1986-க்கும் இடையில் உங்க ஊரில் கள் எப்படி இறக்கினார்கள், எப்படி விற்றார்கள் என்று ஒரு குரல்பதிவு அனுப்புங்க. நல்லது கெட்டது இரண்டையும் சொல்லுங்க. அடுத்த பகுதியில் பதநீரையும் பனைவெல்லத்தையும் பற்றிப் பேசும்போது அவற்றைச் சேர்த்துக்கொள்கிறேன்.