குஞ்சுக்கும் வேண்டும் காய்ந்த படுக்கை

(பாரிட் புந்தார் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மழை பெய்தால் நமக்குப் பால்வெட்டு இல்லை, வருமானம் குறைகிறது. அதை ஈடுகட்டவே நம்மில் சிலர் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு இறைச்சிக் கோழி வளர்க்கிறோம். ஆனால் வெட்டைக் கெடுக்கும் அதே மழை கோழியின் படுக்கையையும் கெடுக்கிறது. சென்ற மழைக்காலத்தில் நம் தோட்டத்துக் குடும்பமொன்று 100 குஞ்சுகள் வாங்கிவிட்டது. விற்பனைக்குத் தேறியவை 60கூட இல்லை. தீனியில் குறையில்லை. கூரை ஒழுகி, தரையில் பரப்பிய உமி நனைந்து கட்டியாகியிருந்தது.

படுக்கை நனைந்தால் எச்சத்திலிருந்து அம்மோனியா வாயு கிளம்பும். பத்து லட்சம் பங்கு காற்றில் அது 25 பங்கைத் தாண்டினால் கண்ணும் மூச்சும் கெடும். தின்ற தீனி உடம்பில் ஒட்டாது. ஈரத்திலும் சூட்டிலும் இரத்தக் கழிச்சல் கிருமி பெருகும். பாதம் புண்ணாகி நொண்டும் குஞ்சு தீனித் தட்டுக்கு நடக்காது.

எதைப் பரப்புவது? 1906-இல் புக்கிட் மேரா நீர் வாய்க்கால்களில் பாயத் தொடங்கியது முதல் நெல்லுக்குப் பேர்போனது நம் கிரியான் வட்டாரம். நெல் விளையும் ஊரில் உமி கிடைக்கும். ரப்பர் மரத்தை இழைக்கும் ஆலைகளில் மரச்சீவல் விழுகிறது. சீவல் ஈரத்தை நன்றாக உறிஞ்சும். உமி எளிதில் கட்டியாகாது. இரண்டும் ஏற்றவையே. மாவு போன்ற மரத்தூள் வேண்டாம்: குஞ்சு அதைத் தீனியென்று கொத்தும், தூசி நெஞ்சை அடைக்கும். மருந்து ஏற்றிய பலகையின் சீவலும் பூஞ்சை பிடித்த உமியும் கூடவே கூடாது.

இரண்டு மூன்று அங்குலம் பரப்புங்கள். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள்: உருண்டையாக நின்றால் ஈரம் மிகுதி, லேசாக ஒட்டி உதிர்ந்தால் சரி, தூசியாய்ப் பறந்தால் ஈரம் போதாது. தண்ணீர்க் கலத்தடியில் கட்டியானதை அன்றாடம் அகற்றிக் காய்ந்ததை இடுங்கள்.

இன்னொன்று. பெரிய பண்ணைகளில் கூலிக்குப் போகும் நம் பிள்ளைகளும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். கண் எரிந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம். காற்றோட்டமும் முகக்கவசமும் கேளுங்கள். அது சலுகையன்று, தொழிலாளியின் பாதுகாப்பும் சுகாதாரமும் முதலாளியின் கடமை என்று 1994-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

ஒழுகும் லயத்தில் ஈரத் தரையில் படுத்து இருமியவர்கள் நம் பாட்டன் பாட்டிகள். ஈரப் படுக்கை என்ன செய்யும் என்பதை நமக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.